கறுப்பில் பதித்த முடி

அந்த வீட்டில் செத்துப்போன மூத்தவள் பிரிசில்லாவின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்ல வேண்டி வந்தால் அம்மா தன் கழுத்தடியில் குத்தியிருக்கும் பதக்கத்தைத் தொட்டுக்கொள்வாள். கஞ்சியில் உப்புக் கூடிவிட்டால் அதைத் தொட்டு "இவளுக்கு ஆகாது" என்பாள். சன்னலைத் திறந்தால் "இவளுக்குக் குளிரும்" என்பாள்.

பதக்கம் அப்பா செய்தது. இங்கிலாந்தின் விட்பி ஊர்க் கடற்பாறைகளில் வெட்டி எடுக்கும் ஜெட் என்ற கரிய கல்லைச் செதுக்கிச் செய்த நீள்வட்டச் சட்டம். நடுவில் கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் பாய் முடைந்ததுபோல நெருக்கமாகப் பின்னிய முடி, முற்றிய கோதுமைத் தாளின் நிறத்தில். பின்னியவள் இளைய மகள் ரோடா. அந்த முடியும் ரோடாவுடையதுதான். அது அம்மாவுக்குத் தெரியாது.

போன குளிர்காலத்தில் காய்ச்சல் முதலில் கண்டது ரோடாவுக்கு. தலை கொதிக்கிறது, முடியை எடுத்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அக்கா பிரிசில்லாதான் கத்தரியை எடுத்தாள். விழித்து விழித்துக் களைத்த அம்மா அப்போது கீழே தூங்கிக்கொண்டிருந்தாள். வெட்டிய பின்னலை நாடாவால் கட்டி இழுப்பறையில் வைத்த அக்கா, "இத எரிச்சா பாவம்ப்பா. எந்திரிச்சு உக்காந்ததும் அவளே பின்னி எவ தலைலயாவது கட்டிருவா" என்று அப்பாவிடம் சிரித்தாளாம். செத்தவர்களின் முடியைப் பின்னி நகையாக்கிக் கொடுப்பதுதான் ரோடாவின் வேலை. அப்பா சட்டம் செதுக்குவார், இவள் முடி பின்னுவாள்.

ரோடா பிழைத்தாள். அக்கா படுத்தாள். அக்கம்பக்கத்தார் பயந்து முறையிட, அவளை ஊருக்கு வெளியே காய்ச்சல் கொட்டகைக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே போகிறவர்களின் தலையை மழித்து, முடியை அடுப்பில் போடுவது வழக்கம். அங்கேயே செத்தாள். சவப்பெட்டியை ஆணி அடித்துத்தான் வெளியே விட்டார்கள். அதுவும் நேரே கல்லறைக்கு. அம்மாவுக்கு முகம் காட்டவில்லை.

அதன்பிறகு அம்மா சாப்பிடவில்லை. இங்கிலாந்து முழுக்கத் துக்கம் காக்கிறவர்களுக்கு நகை செய்து கொடுக்கிற தெரு அது. "ராணியம்மா கண்ணத் தொடைச்சுட்டா நம்ம அடுப்பு அணைஞ்சுரும்" என்று, புருஷன் செத்ததிலிருந்து கறுப்பை விடாத ராணியை வைத்துப் பட்டறைகளில் கேலி பேசுவார்கள். அந்தத் தெருவில், அந்த வீட்டில், செத்துப்போன பெண்ணின் முடி ஒன்று கூட இல்லை. அம்மா அவள் சீப்பைத் தேடினாள், தலையணையைத் தேடினாள். நோய் தொற்றும் என்று எல்லாவற்றையும் எரித்திருந்தார்கள். ஒருநாள் விடிகாலையில், இடுப்பளவு அலையில் நின்றுகொண்டிருந்த அம்மாவை மீனவர்கள் இழுத்து வந்து வாசலில் விட்டார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை. அன்றுதான் அப்பா இழுப்பறையைத் திறந்து, பின்னலை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"கொட்டகைக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி வெட்டி வச்சேன். ரோடாவோடத அப்பவே எரிச்சாச்சு" என்றார்.

அம்மா அன்று ரொட்டி தின்றாள்.

மாடியில் இன்னும் எழுந்திருக்க முடியாமல் கிடந்த ரோடாவிடம் அப்பா வந்து சொன்னார். மெருகுப்பொடி ஏறி அவர் கைகள் எப்போதும் சிவப்பாக இருக்கும். அந்தக் கையால் போர்வை விளிம்பைத் திருகிக்கொண்டே இருந்தார். நீதான் பின்ன வேண்டும், வெளியே கொடுத்தால் முடியை மாற்றிவிடுவார்கள் என்று அம்மா பயப்படுகிறாள் என்றார். அந்தப் பயம் ஊரில் எல்லாருக்கும் இருந்தது. முடி கொடுக்க வருகிறவர்கள் பாதிப்பேர் பின்னி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

ரோடா தன் முடியைத் தானே சலவைச் சோடாத் தண்ணீரில் வேக வைத்தாள். உலர்த்தி, எண்ணிப் பிரித்து, இழை இழையாக ஈயக் குண்டு கட்டி, நடுவில் ஓட்டை போட்ட வட்ட மேசையில் தொங்கவிட்டுப் பின்னினாள். உயிரோடிருக்கிறவர் முடிக்குத் தங்கம், போனவர் முடிக்குக் கறுப்பு என்பது தொழிலில் ஒரு பேச்சு. மாற்றிப் பதித்தால் ஆகாது என்பார்கள். ரோடா அதை நம்புகிறவள் இல்லை. ஆனாலும் கண்ணாடியை அழுத்தி ஒட்டும்போது மூச்சை அடக்கிக்கொண்டாள்.

அவள் தலையில் புதிதாக முளைத்த முடி வேறு மாதிரி இருந்தது. கறுத்து, சுருண்டு, ஆட்டுக்குட்டியின் முதுகுபோல. காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு அப்படி வரும். அம்மா அதை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, "யார் வீட்டுப் புள்ளையோ மாதிரி இருக்கு" என்றாள். பிறகு தொடவில்லை. அவள் பார்வையெல்லாம் பதக்கத்தில்தான். தூங்கப் போகும்போது அதை முத்தமிடுவாள். ரோடா பக்கத்தில் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

மே மாதத்தில் லூக் வெரில் வந்தான். பால்டிக் கடலுக்கு மரம் ஏற்றப் போகிற கப்பலில் இரண்டாம் மாலுமி. பிரிசில்லாவுக்கு நிச்சயித்திருந்தவன். யாரும் அவனுக்கு எழுதவில்லை. எந்தத் துறைமுகத்துக்கு எழுதுவதென்றும் தெரியவில்லை. கரையில் இறங்கி நின்றவனிடம் மீன் விற்கிறவள் ஒருத்திதான் சொல்லியிருக்கிறாள். அங்கே ரீகா துறைமுகத்தில் வாங்கிய ஒரு சால்வைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் அடுப்படியில் நின்றான்.

அம்மா அவனை அணைத்துக்கொண்டாள். நாற்காலி இழுத்துப் போட்டாள். கடைசி நாட்களைப் பற்றி அவன் கேட்டதற்கெல்லாம், தான் பார்க்காததையும் பார்த்ததுபோலச் சொன்னாள். வலியில்லாமல் போனாள் என்றாள். உன் பேரைச் சொன்னாள் என்றாள். லூக் தொப்பியை முழங்காலில் வைத்து அழுதான். பிறகு சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து, பின்மூடியைத் திறந்தான். உள்ளே கறுப்பு நூலால் கட்டிய விரல் நீளப் பின்னல் ஒன்று சுருண்டிருந்தது.

"போறப்ப அவளே வெட்டிக் குடுத்தாம்மா. இதே நாற்காலில உக்காந்து."

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ரோடாவின் கை நின்றது. அம்மாவின் முகம் மலர்ந்தது. அக்கா போனதிலிருந்து அப்படி ஒரு மலர்ச்சியை ரோடா பார்த்ததில்லை. "கொண்டா, கொண்டா. ரெண்டையும் சேத்து வச்சுப் பாப்போம்" என்று அம்மா பதக்கத்தைக் கழற்றிக்கொண்டு சன்னலுக்குப் போனாள்.

தடுக்க ஒரு காரணம் தேடினாள் ரோடா. கிடைக்கவில்லை.

வெயில் சன்னல் விளிம்பில் விழுந்திருந்தது. பதக்கத்தில் இருந்தது கோதுமைத் தாள். கடிகாரத்தில் இருந்தது செம்பு கலந்த மஞ்சள். அக்காவின் முடி வெயிலில் அப்படித்தான் இருக்கும். இருபத்திரண்டு வருடம் அதை வாரிவிட்டவள் அம்மா. ஆனால் குளிர்காலம் முழுக்கப் பதக்கத்தைப் பார்த்துப் பார்த்து, அந்த நிறம் அவளுக்குள் அழிந்துபோயிருந்தது.

அவள் கடிகாரத்துப் பின்னலை இப்படியும் அப்படியும் திருப்பினாள். பிறகு மிக மெதுவாகக் கேட்டாள்: "இது யாரோடது?"

லூக்குக்குப் புரியவில்லை. பிரிசில்லாவுடையது என்றான்.

"எம் பொண்ணு முடி எங்கிட்ட இருக்கு. இது யாரோடது? ரீகால எவளோ குடுத்தத எம் பொண்ணு பேரச் சொல்லி வச்சுக்கிட்டு அலையறியா? அத எங்கிட்டயே கொண்டாந்து காட்டுறியா?"

அவன் எழுந்து நின்றான். வெளுத்துப்போயிருந்தான். சத்தியம் செய்தான். அம்மா காதில் வாங்கவில்லை. மீன் விற்கிறவளுக்குக்கூட இவ்வளவு கூசாமல் பொய் சொல்ல வராது என்றாள், கடலோடி புத்தி எந்தக் கரையிலும் ஒரே புத்திதான் என்றாள். சத்தம் கேட்டு அப்பா பின்கட்டுப் பட்டறையிலிருந்து வந்து கதவருகில் நின்றார். அம்மா இரண்டையும் அவரிடம் நீட்டினாள். நீங்களே சொல்லுங்கள், இரண்டும் ஒரே தலையில் முளைத்ததா என்று கேட்டாள்.

அப்பா பார்த்தார். ரோடாவைப் பார்க்கவில்லை. "வெளிச்சம் ஒரு மாதிரி இருக்கு" என்றார். இரண்டையும் அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தார்.

லூக் இப்போது பதக்கத்தைக் குனிந்து பார்த்தான். புருவம் சுருங்கியது. "இதுதான் அவ முடி மாதிரி இல்ல..." என்று ஆரம்பித்தான்.

"சோடாம்மா" என்றாள் ரோடா.

மூன்று பேரும் திரும்பினார்கள். இவ்வளவு சத்தமாக அவள் பேசுவதில்லை.

"பின்றதுக்கு முன்னாடி சோடாத் தண்ணில வேக வைப்பேன்ல. அதுல செவப்பு போயிரும். அவர்கிட்ட இருக்கறது வேக வைக்காத பச்சை முடி. அதான் வித்தியாசம். ரெண்டும் அக்காவோடதுதான்."

அம்மா யோசித்தாள். ரோடா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பிவிடுவாள் போலத்தான் இருந்தது. ஆனால் அவளும் ஜெட் பட்டறைக்காரன் பெண்டாட்டி. கண்ணாடியை ஜெட் என்று விற்க வருகிறவர்களை வாசலிலேயே உரசிப் பார்த்துத் திருப்பி அனுப்புகிறவள்.

"அப்ப இதையும் வேக வை" என்றாள். "இப்பவே. எங் கண்ணு முன்னாடி. ஒரே முடின்னா ஒரே நெறத்துக்கு வரணும்ல."

லூக் கடிகாரத்துக்காகக் கையை நீட்டினான். வேண்டாம் அம்மா, அது அப்படியே இருக்கட்டும் என்றான். அவள் கொடுத்த மாதிரியே இருக்கட்டும் என்றான்.

"ஏன், பயமா?"

அவன் கையை இறக்கினான்.

ரோடா அடுப்பில் சட்டியை ஏற்றினாள். தண்ணீர் சூடாகும் நேரத்தில் அவள் மனம் ஒரே இடத்தைச் சுற்றியது. சோடாவில் அழுக்கும் எண்ணெயும் போகும்; முடி கொஞ்சம் மங்கும்; செம்பு நிறம் போகாது. போகும்வரை சோடாவை அள்ளிப் போட்டால் முடியே போய்விடும். முதலில் கொழகொழக்கும், பிறகு தண்ணீரோடு தண்ணீராகிவிடும். வேலை கற்றுக்கொண்ட நாளில் அப்படி ஒரு சட்டியை அவள் கொட்டியிருக்கிறாள். வேக வைத்து, நிறம் மாறாமல் வெளியே வந்தால், அம்மா ஒன்று லூக்கைத் துரத்துவாள். இல்லையென்றால், இன்றோ நாளையோ, பதக்கத்தின் பக்கம் திரும்புவாள். அதற்கப்புறம் அலை.

சோடா டப்பா வேலை மேசையின் இழுப்பறையில் இருந்தது. டப்பாவுக்குப் பக்கத்தில், காகிதத்தில் சுற்றி, பதக்கத்துக்குப் போக மிஞ்சிய அவள் முடி. பாதிக்கு மேல் மிச்சம்.

"கறுப்பு நூல் சாயம் விடும். வெள்ளை நூல்ல மாத்திக் கட்டணும்" என்றாள். அது உண்மைதான், யாருக்கும் அப்படித்தான் செய்வாள். அக்காவின் பின்னலை எடுத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பினாள். அம்மா பின்னாலேயே வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். ரோடா கறுப்பு நூலை அறுத்தாள். வெள்ளை நூல்கண்டைத் தேடுகிற சாக்கில் இழுப்பறைக்குள் கையை விட்டாள். அக்கா உள்ளே தங்கினாள். ரோடாவின் முடி, ஒரு விரல் நீளம், வெளியே வந்தது. அதை மூன்றாகப் பின்னிக் கட்டுகிறவரை உள்ளங்கையைத் திறக்கவில்லை. முடி மாற்றுகிறவர்கள் என்று ஊர் தூற்றுகிற வேலைக்காரிகளை நினைத்துக்கொண்டாள். அவர்களுக்கும் இவ்வளவு சுலபமாகத்தான் இருந்திருக்கும்.

சட்டியில் போட்டாள். ஆவி எழுந்து எல்லோர் முகத்தையும் மறைத்தது. அம்மா அசையவில்லை. அப்பா ஒருமுறை இருமினார். எடுத்து, பச்சைத் தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, அடுப்பு வெம்மையில் காட்டி உலர்த்தி, ரோடா அதை அம்மாவின் கையில் வைத்தாள்.

அம்மா சன்னலுக்குப் போனாள். பதக்கத்தையும் பின்னலையும் ஒட்ட வைத்துப் பார்த்தாள். ஒரே கோதுமைத் தாள்.

அவள் லூக்கின் முன்னால் போய் நின்று அவன் நெற்றியில் முத்தமிட்டாள். கிழவிக்கு மூளை குழம்பிப்போச்சு, மன்னித்துவிடு என்றாள். துக்கம் மனிதரை நாயாக்கிவிடும் என்றாள். பின்னலைத் தானே கடிகாரத்துக்குள் சுருட்டி வைத்து அவன் கையில் கொடுத்தாள். "பத்திரமா வச்சுக்க. இவளுக்கு நீன்னா உசுரு."

லூக் கட்டைவிரலால் அதைத் தடவினான். விரல் நின்றது. மறுபடி தடவினான். பிறகு நிமிர்ந்து ரோடாவைப் பார்த்தான்; அவளுடைய குட்டையான கறுப்புச் சுருளைப் பார்த்தான்; அம்மாவின் கழுத்தடியைப் பார்த்தான். கடைசியாக அம்மாவின் முகத்தை. அது கன்னம் நனைந்து சிரித்துக்கொண்டிருந்தது.

"ஆமாம்மா" என்றான். "அவளோடதுதான்."

கடிகாரத்தை மூடிக்கொண்டு போய்விட்டான். சால்வைப் பொட்டலம் நாற்காலியில் கிடந்தது. மறந்துவிட்டான், கொடுத்துவிட்டு வருகிறேன் என்று அதை எடுத்துக்கொண்டு ரோடா பின்னால் ஓடினாள். பாலத்தருகே அவன் நின்றுகொண்டிருந்தான். அவள் வருவாள் என்று தெரிந்ததுபோல.

இழுப்பறையிலிருந்து மறைத்து எடுத்து வந்த அக்காவின் முடியை, சுற்றிய காகிதத்தோடு ரோடா நீட்டினாள். அவன் பிரித்தான். விரலால் தொட்டதுமே கண்ணை மூடிக்கொண்டான்.

"குதிரைவாலுன்னு கேலி பண்ணுவேன். அவ்ளோ மொரடு" என்றான். "கப்பல் படுக்கைல இருட்டுல தடவித் தடவிப் பழகினது. கண்ணத்தான் ஏமாத்தலாம் ரோடா."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்கம்மா போட்டிருக்கிறது?"

"என்னோடது."

"இதுவும்?"

"இதுவும்."

அவன் கடிகாரத்தைத் திறந்து அவள் பின்னலை எடுத்து அவள் கையில் வைத்தான். உயிரோடு நிற்கிறவளின் முடியைத் துக்கத்துக்கு வைத்திருக்க முடியாது என்றான். அக்காவின் முடியை உள்ளே வைத்தான். சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்டான். உன்னைப் பெற்றவள்தானே, எத்தனை நாளைக்கு?

"அலைல நின்னத நீங்க பாக்கல" என்றாள் ரோடா.

அவன் பார்க்கவில்லைதான். இனி நான் உங்கள் வீட்டுக்கு வர முடியாது, வந்தால் அம்மா கடிகாரத்தைக் காட்டச் சொல்வாள் என்றான். ரோடாவும் அதை யோசித்திருந்தாள். அக்காவைப் பற்றிப் பேச இந்த ஊரில் அவளுக்கு இவன் ஒருவன்தான் மிச்சமிருந்தான். சால்வையை நீ போட்டுக்கொள் என்றான். அவள் வேண்டாம் என்றாள். அவன் அதை வாங்கிக்கொண்டு கரைப்பக்கம் இறங்கிப் போனான்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். தடித்தடியான துண்டுகள். அப்பாவுக்கும் ஒன்று கொடுத்து, தானும் நின்றபடியே தின்றாள். அப்பா ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தார்.

"ஒண்ணு சொல்லட்டுமா" என்றாள் அம்மா. "எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம் அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. இந்த மனுஷன் எதையோ மடில போட்டு ஏமாத்திட்டாரோன்னு. ராத்திரில முழிச்சுக்கிட்டு அதையே நெனப்பேன். இன்னிக்கு அந்தப் பையன் வந்தானோ, நிச்சயமாச்சு."

அப்பா எழுந்து பட்டறைக்குப் போனார்.

அம்மா தொடர்ந்து பேசினாள். ஸ்கார்பரோவில் இருக்கிற தங்கைக்கு இதுபோல ஒரு பதக்கம் செய்து அனுப்ப வேண்டும். இவளுக்கு ஞானஸ்நானத் தாயான மிஸஸ் லெங் அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாள், அவளுக்கு ஒன்று. சந்தேகத்தோடு எப்படிக் கொடுப்பது என்றுதான் இத்தனை நாள் வாய் திறக்கவில்லை. மிச்ச முடி எவ்வளவு இருக்கிறது?

இருக்கிறது என்றாள் ரோடா.

"எடு, அப்ப. இன்னிக்கே ஆரம்பிச்சுரு."

ரோடா மேசைக்குப் போய் இழுப்பறையைத் திறந்தாள். கையில் இருந்த சிறு பின்னலின் வெள்ளை நூலை அறுத்து, அதையும் மிச்சத்தோடு சேர்த்தாள். எல்லாவற்றையும் காகிதத்தின் மேல் பரப்பி, நுனி ஒன்றாக வரும்படி தட்டி, இழைகளை எண்ணிப் பிரிக்கத் தொடங்கினாள். தலையில் ஒரு கை பட்டது. நிமிர்ந்து பார்க்கவில்லை. அம்மாவின் விரல்கள் அந்தக் கறுப்புச் சுருளுக்குள் கொஞ்ச நேரம் அளைந்தன.

"இதுல பாதியாவது உனக்கு வந்திருக்கலாம்" என்றாள் அம்மா, மேசையில் கிடந்த முடியைப் பார்த்து.

ரோடா முதல் இழையில் ஈயக் குண்டைக் கட்டினாள். அம்மா நாற்காலியை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள், ஒரு முடியும் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ள.